வால் முளைத்த எழுத்து

“டீச்சர், என் எழுத்துக்கு எப்பதான் உயிர் வரும்?”

கேட்டவர் ஆவுடையப்பன். வயது நாற்பத்து மூன்று. பாளையங்கோட்டையில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார்.

பதில் சொல்ல வேண்டியவர் ஜெசிந்தா டீச்சர். வயது முப்பத்தொன்று. கொஞ்ச காலம் ஒரு பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லிக்கொடுத்தார். வேலையை விட்ட பிறகும் டீச்சர் என்ற பேர் அவரை விடவில்லை. இப்போது கம்ப்யூட்டருக்குத் தமிழ் எழுத்துரு செய்வதுதான் பிழைப்பு.

சீடரைவிடக் குரு பன்னிரண்டு வயது சின்னவர். இதில் இரண்டு பேருக்குமே கூச்சம் இல்லை. ஊர்க்காரர்கள்தான் பாவம், அவர்களுக்கும் சேர்த்துக் கூச்சப்பட்டார்கள்.

ஆவுடையப்பன் முதலில் சீடராக வரவில்லை. டிரைவிங் ஸ்கூலுக்கு ஒரு போர்டு வேண்டும் என்றுதான் டீச்சர் வேலை செய்யும் மாடிக்குப் படியேறி வந்தார். வந்த நேரம் டீச்சர் திரையில் ஒரு ழ-வை வளைத்துக்கொண்டிருந்தார். மனிதர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். போர்டை மறந்தார். மறுநாளே சாயங்கால வகுப்புகளைத் தம்பி தலையில் கட்டிவிட்டு மாடிக்கு வந்துவிட்டார்.

செய்தால் பிரஷ் எழுத்துதான் செய்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். மையில் தோய்த்த பிரஷ்ஷால் யாரோ ஒரே மூச்சில் எழுதிவிட்டுப் போன மாதிரி இருக்க வேண்டும். ஆனால் கம்ப்யூட்டரில் தட்டினால் வர வேண்டும். அதுதான் ஆசை.

செய்தும் விட்டார். பார்த்தால் பிரஷ் எழுத்து மாதிரிதான் இருந்தது. ஆனாலும் எதுவோ குறைந்தது.

டீச்சர் பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

“‘தாத்தா’ன்னு அடிங்க அண்ணாச்சி.”

அடித்தார்.

“எத்தன த இருக்கு?”

“மூணு.”

“மூணையும் நல்லாப் பாருங்க.”

பார்த்தார். “த-தான் டீச்சர். ஒரு குறையும் இல்லயே.”

“குறையே இல்ல. ஒரே சட்டை, ஒரே தொப்பி. பேண்டு வாத்தியக்காரங்க வரிசையா நிக்குத மாதிரி நிக்கி.”

டீச்சர் ஒரு பேப்பரை நகர்த்தி வைத்தார். “உங்க கையெழுத்த ரெண்டு தடவை போடுங்க.”

போட்டார். இரண்டாவது கையெழுத்தில் ஆ கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

“இதுல எது உங்க கையெழுத்து?”

“ரெண்டும்தான்.”

“ரெண்டும் அச்சுப்போல ஒண்ணா இருந்தா?”

“அது ரப்பர் ஸ்டாம்பு டீச்சர்…”

சொல்லி முடித்ததும் ஆவுடையப்பன் திரையைப் பார்த்தார். மூன்று த-வும் அவரைப் பார்த்தன. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

டீச்சர் மிச்சக் கிழங்கைத் தின்றார்.

*

சில வாரம் கழித்து ஆவுடையப்பன் திரும்பி வந்தபோது, முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிய ஆளின் களை அவர் முகத்தில் இருந்தது.

ஒவ்வொரு எழுத்துக்கும் நாலைந்து முகம் செய்திருந்தார். ஒரு த சாய்ந்திருந்தது. ஒரு த அவசரத்தில் இருந்தது. இன்னொரு த சாப்பிட்டுவிட்டு வந்த மாதிரி சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. தட்டுகிறவர் தனக்குப் பிடித்ததைப் பொறுக்கி வைத்துக்கொள்ளலாம். பொறுக்கச் சோம்பல் என்றால் கம்ப்யூட்டரே மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளும்.

“எப்படி டீச்சர்?”

டீச்சர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உற்றுப் பார்த்தார்.

“இது என்ன எழுத்து?”

“க.”

“இது?”

“ச.”

“இங்கன சுத்திச் சுத்தி வருதே, இது?”

“ஞ டீச்சர்.”

“எல்லா எழுத்துலயும் எட்டுப் போட்டு வச்சிருக்கீயளே அண்ணாச்சி. லைசென்சா கேக்கீய?”

டிரைவிங் டெஸ்டில் வண்டியை எட்டு வடிவத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். காலைத் தரையில் ஊன்றினால் தேறியதாகக் கணக்கில்லை. எத்தனையோ வருஷமாக ஊருக்கே எட்டுப் போடச் சொல்லிக்கொடுத்தவர் ஆவுடையப்பன். அதனால் அவர் இழுக்கிற எந்தக் கோடும் கடைசியில் ஒரு சுழி சுழித்துவிட்டுத்தான் நிற்கும். அவராக நினைத்துச் செய்வதில்லை. கை தன்னால் போய்விடும்.

“அழகா இருக்குல்லா டீச்சர்?”

“அழகாத்தான் இருக்கு.”

டீச்சர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆவுடையப்பன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். நம் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு.

*

மாடிக்குக் கீழே கோமதிநாயகத்தின் ஃபிளெக்ஸ் கடை. கடைக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் ஒரு மூலை. தெருவே அங்கேதான் குப்பை கொட்டியது.

“அண்ணாச்சி, நீங்கதான் பெரிய எழுத்துக்காரரு ஆயிட்டீயளே, ஒரு போர்டு எழுதித் தாங்களேன்” என்றார் கோமதிநாயகம்.

ஆவுடையப்பனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முதல் வாய்ப்பு! உட்கார்ந்து தட்டினார்.

*தயவுசெய்து இங்கே குப்பை கொட்டாதீர்கள்.*

பிரஷ் எழுத்து. கு-வுக்குக் கீழே ஒரு சுழி. டா-வின் துணைக்கால் ஒய்யாரமாக ஒரு சாய்வு. கடைசிப் புள்ளி, பொட்டு வைத்த மாதிரி. கோமதிநாயகம் அதைப் பெரிதாக அடித்துச் சுவரில் மாட்டினார். பார்க்க லட்சணமாக இருந்தது.

அந்த வாரம் குப்பை இரண்டு மடங்கு ஆனது.

ஆவுடையப்பன் படியேறி வந்தார். குரல் கம்மியிருந்தது.

“கொட்டாதீங்கன்னு எழுதிருக்கு டீச்சர். படிக்காங்க. படிச்சுச் சிரிச்சுக்கிட்டே கொட்டிட்டுப் போறாங்க. ஒரு அக்கா நின்னு, இங்கன என்ன விசேஷம்னு கேக்காங்க. புதுசா சேலைக்கடை தொறக்கப் போறீயளாங்காங்க!”

“போர்டு என்ன சொல்லுது?”

“கொட்டாதீங்கன்னு சொல்லுது.”

“எழுத்து என்ன சொல்லுது?”

ஆவுடையப்பன் ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார்.

“வாங்க வாங்கன்னு கையப் பிடிச்சு இழுக்குது டீச்சர்.”

அன்றைக்கே அந்த போர்டைக் கழற்றினார். தடித்த, நேரான, விறைப்பான எழுத்தில் வேறு ஒன்று மாட்டினார். குப்பை பாதியாகக் குறைந்தது. முழுக்க நிற்கவில்லை. நம் ஊர்க் குப்பையை நிறுத்த எழுத்தால் மட்டும் முடியுமா?

ஆனால் அவர் மனசு உடைந்துபோயிருந்தது. இத்தனை நாள் உட்கார்ந்து செய்தது ஒரு குப்பை மூலைக்குக்கூட உதவவில்லை என்றால் வலிக்காதா?

“அப்ப இந்த எழுத்து எதுக்குத்தான் டீச்சர் ஆகும்?”

டீச்சர் திரையைப் பார்த்தபடி, உதடு மட்டும் அசைகிற மாதிரி, “அண்ணாச்சி” என்றார்.

“என்ன டீச்சர்?”

மறுபடியும் அதே மெல்லிய குரல். “அண்ணாச்சி.”

காதில் சரியாக விழவில்லை. ஆவுடையப்பன் எழுந்து, மேசையைச் சுற்றிக்கொண்டு, பக்கத்தில் வந்து குனிந்தார். “சொல்லுங்க டீச்சர்.”

“இதுக்குத்தான் ஆகும்.”

ஆவுடையப்பன் குனிந்தபடியே நின்றார். பிறகு முகம் மலர்ந்தது.

“ஆளக் கிட்ட இழுக்கத்தான்! அப்ப பலகாரப் பெட்டிக்கு ஆகும்!”

“ஆகும்.”

“பூக்கடைக்கு? சேலைக்கடைப் பைக்கு?”

“ஆகும்.”

“ஆம்புலன்சுக்கு?”

“ஆகவே ஆகாது.”

“கல்யாணக் கார்டுக்கு?”

இதைக் கேட்டபோது அவர் காது சிவந்ததை டீச்சர் கவனித்தார்.

*

காது சிவந்ததற்குக் காரணம் வடிவு.

வடிவுக்கு முப்பத்தெட்டு வயது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். ஆவுடையப்பன் ஒரு நாள் இருமலோடு அந்தக் கடைக்குப் போனார். டாக்டர் எழுதிய சீட்டை, ஒரு நாழிகை தலைகீழாகவும் பக்கவாட்டிலும் திருப்பிப் பார்த்தும் அவருக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. வடிவு ஒரு பார்வை பார்த்தாள், மாத்திரையை எடுத்து வைத்தாள்.

“இத எப்படிப் படிச்சீய?”

“எழுதுனவரு கை எங்க அவசரப்பட்டுதுன்னு பாத்தா தெரிஞ்சிரும்லா” என்றாள் வடிவு.

ஆவுடையப்பனுக்கு இருமல் நின்றுவிட்டது. காதல் வந்துவிட்டது. இருமல் இல்லாமலே அந்தக் கடைக்கு அவர் பல நாள் போனார். வடிவும் இருமலைப் பற்றி விசாரிக்கவில்லை. இரண்டு வீட்டிலும் பேசினார்கள், நாளும் குறித்தார்கள்.

“கார்டு முழுக்க என் எழுத்துலதான் டீச்சர்” என்றார் ஆவுடையப்பன். “அவங்களுக்கு என் கையால நான் குடுக்குத முதல் சாமான் அது. அதுல அவங்க முகம் மலரணும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு.”

“கையாலயா?” என்றார் டீச்சர்.

“ஆமா டீச்சர்.”

“பிரஷ்ஷால என்னிக்காவது எழுதிருக்கீயளா அண்ணாச்சி?”

ஆவுடையப்பன் விழித்தார். பிரஷ் எழுத்துச் செய்தவர் அதுவரை பிரஷ்ஷைத் தொட்டதே இல்லை. எல்லாமே மவுஸ்.

டீச்சர் அலமாரியிலிருந்து ஒரு பிரஷ்ஷும் மைப்புட்டியும் எடுத்து வைத்தார். “ஒரு க எழுதுங்க. உங்க க.”

ஆவுடையப்பன் பிரஷ்ஷை கியர் மாதிரி பிடித்தார். மையில் தோய்த்தார். க-வை இறக்கினார், வளைத்தார், பழக்கப்படி சுழிக்கு ஏற்றினார். சுழியின் பாதியிலேயே கோடு நரைத்தது. அப்புறம் நின்றுவிட்டது.

“நின்னுட்டு டீச்சர்.”

“ஏன்?”

“மை தீந்துட்டு.”

“மவுஸ்ல?”

“அதுல எங்க தீரும்! எவ்வளவு தூரம் வேணும்னாலும் இழுக்கலாமே” என்றார் பெருமையாக.

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை அடக்கினாரோ என்னவோ.

பத்து நாள் கழித்து ஆவுடையப்பன் இரண்டு இரண்டு படியாகத் தாவி வந்தார்.

“டீச்சர், நீங்க சொன்னது இப்பதான் புரிஞ்சுது!”

“நான் என்ன சொன்னேன்?”

“மை தீரணும்னு சொன்னீயல்லா? தீத்துட்டேன்! பாருங்க, சுழியோட வால் போயி, போயி, கடைசியில வறண்டு, கோடு கோடா இழுத்துக்கிட்டு நிக்கும். நிஜ பிரஷ்ஷே தோத்துரும்.”

மை வறள வேண்டும் என்றால் வால் நீளமாக வேண்டுமே. ஒவ்வொரு வாலும் முன்பு இருந்ததைப் போல இரண்டு மடங்கு நீண்டிருந்தது.

“வடிவு பாத்தாங்களா?”

“இல்ல டீச்சர். முதல் கார்ட கோமதிநாயகத்துக்கிட்ட அடிச்சாச்சு. நேரா அவங்க வீட்டுலதான் குடுக்கப் போறேன். இன்னிக்கு நாளு நல்லா இருக்கு.”

“சரி, போயிட்டு வாங்க.”

ஒரு வார்த்தை எச்சரித்திருக்கலாம். டீச்சர் எச்சரிக்கவில்லை. குருமார்களின் மேல் எனக்கு உள்ள மனத்தாங்கல் இதுதான்.

*

வடிவின் அப்பா ஆறுமுகநயினார். பஸ் ஸ்டாண்டில் மைக்கில் பஸ் அறிவித்து ரிட்டயர் ஆனவர். எதையும் மனசுக்குள் படிக்கத் தெரியாது. மளிகைச் சாமான் சுற்றி வந்த பேப்பரானாலும் உரக்கத்தான் படிப்பார்.

உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். தாம்பாளத்தில் கார்டு வைத்துக் கொடுக்கப்பட்டது. குழைத்து வைத்திருந்த மஞ்சளில் ஆறுமுகநயினார் விரலைத் தோய்த்தார். கார்டின் ஒரு மூலையில் தடவினார். அடுத்த மூலையில் தடவினார். தடவிக்கொண்டே, கணீரென்று ஆரம்பித்தார்.

“திருமரண அழைப்பிதழ்.”

மூன்றாவது மூலைக்குப் போன விரல் பாதியில் நின்றது.

பஸ் ஸ்டாண்டில் எந்த அறிவிப்பையும் இரண்டு முறை சொல்லிப் பழகிய மனிதர். பழக்கம் விடுமா?

“திருமரண அழைப்பிதழ்.”

உள்ளே யாரோ டம்ளரைக் கீழே போட்டார்கள்.

“மாமா, மாமா, அது மணம் மாமா!” ஆவுடையப்பன் பாய்ந்து வந்தார். “ம-வுக்கு ஒரு வால் வச்சிருக்கேன். அது மேல போயி, வளைஞ்சு, கீழ எறங்கி…”

எறங்கி, அடியில் கொஞ்சம் சரிந்தும் இருந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் ம-வுக்கும் ண-வுக்கும் நடுவில் அப்படி ஒரு கோடு இறங்கிச் சரிந்தால், தமிழ் படித்த எவன் கண்ணுக்கும் அது ர.

“வாலா?” என்றார் ஆறுமுகநயினார். கார்டை மறுபடி பார்த்தார். அடுத்த வரியில் மணமகன் நின்றான். அவனுக்கும் வால். அதை அவர் உரக்கப் படிக்கவில்லை. வாழ்நாளில் அவர் மனசுக்குள் படித்த முதல் சொல் அதுவாகத்தான் இருக்கும்.

“கல்யாணக் கார்டுல யாரும் வால் வைப்பாங்களா?” என்று ஒரு சித்தி அழுதுகொண்டே கேட்டாள்.

ஆறுமுகநயினார் எழுந்தார். முற்றத்துக்குப் போய் விரலில் இருந்த மஞ்சளைக் கழுவினார்.

“யோசிச்சுச் சொல்லுதேன்” என்றார் அவர், துண்டில் கையைத் துடைத்தபடி. யோசித்துச் சொல்கிறேன் என்றால் அந்த வீட்டில் என்ன அர்த்தம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

வடிவு கதவோரம் நின்றிருந்தாள். முன்னால் வந்து கார்டை எடுத்தாள். மேலிருந்து கீழ் வரை படித்தாள். ஓர் இடத்தில் அவள் முகம் வாடிப்போனது. கார்டோடு உள்ளே போய்விட்டாள்.

மாமனார் கை கழுவியதைக்கூட ஆவுடையப்பன் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை.

*

மறுநாள் சாயங்காலம் அவர் மாடிக்கு வந்தபோது ஆள் பாதியாகியிருந்தார்.

“டீச்சர், ஃபாண்ட மொத்தமா அழிச்சிரப் போறேன்.”

“அழிங்க.”

ஆவுடையப்பன் மவுஸைப் பிடித்தார். காத்திருந்தார்.

“தடுக்க மாட்டீயளா டீச்சர்?”

“உங்க ஃபாண்டு. நீங்க அழிக்கீய. நான் ஏன் நடுவுல வாரேன்?”

ஆவுடையப்பன் மவுஸை விட்டார். கண் கலங்கிவிட்டது.

“எந்த வால வெட்டணும், எத விடணும்? அது மட்டும் சொல்லுங்க டீச்சர். எனக்கு எல்லாமே அழகாத்தான் தெரியுது. அதான் என் கஷ்டமே.”

டீச்சர் கையை நீட்டினார். ஆவுடையப்பன் பையிலிருந்து அதே கார்டின் இன்னொரு பிரதியை எடுத்துக் கொடுத்தார்.

டீச்சர் படித்தார். மேலிருந்து கீழே வந்தார். நடுவில் ஓர் இடத்தில் கண் நின்றது. முகத்தில் சிரிப்பு பரவியது.

“என்ன டீச்சர்? இன்னும் ஏதும் ஏடாகூடமா இருக்கா?”

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

வடிவு வந்தாள். கடையிலிருந்து நேராக வந்திருக்கிறாள். கையில் கார்டு. இரண்டு மூலையில் மஞ்சள் காய்ந்திருந்தது.

“நீங்கதான் டீச்சரா?”

“ஆமா. உக்காருங்க.”

வடிவு உட்காரவில்லை. ஆவுடையப்பனைப் பார்த்தாள்.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டுப் போயிருவேன்.”

“மணம்னுதான் எழுதுனேன் வடிவு. சத்தியமா…”

“சவத்தத் தள்ளுங்க, அத யாரு கேட்டா? நான் தெனமும் இதவிட மோசமா எழுதுனதயெல்லாம் படிச்சுத்தான் மருந்து குடுக்கேன். சகுனத்துக்கெல்லாம் நான் பயப்படல.”

கார்டை மேசையில் விரித்து வைத்தாள்.

“இங்க பாருங்க. உங்க பேருக்கு ரெண்டு சுழி. மண்டபத்துப் பேருக்கு நாலு சுழி. ‘மதிய உணவு’க்குக்கூட ஒரு வால் வச்சிருக்கீய.”

விரல் கார்டின் நடுவுக்கு வந்தது.

“என் பேரு மட்டும் மொட்டையா நிக்கி. ஒரு புள்ளி அலங்காரம் இல்ல. சோத்துக்குக் குடுத்த மரியாதை எனக்கு இல்லயா?” அவள் குரல் உடைந்தது. “பிடிக்காமத்தான் போட்டீயளா? அத மட்டும் சொல்லிருங்க.”

ஆவுடையப்பன் டீச்சரைப் பார்த்தார். ஊருக்கே பிரேக் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த மனிதர், இப்போது யாராவது தன்னைப் பிடிக்க மாட்டார்களா என்று பார்த்தார்.

டீச்சர் எழுந்தார்.

“இதுக்குப் பதில் எங்கிட்ட இல்ல அண்ணாச்சி. நான் கீழ போயி டீ சொல்லிட்டு வாரேன்.”

போயே போய்விட்டார்.

“போட்டுப் பாத்தேன்” என்றார் ஆவுடையப்பன் கடைசியில். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“என்னத்த?”

“உங்க பேருக்கும் போட்டுப் பாத்தேன். முதல்ல வ-வுக்கு வால் வச்சேன். அது வா ஆயிட்டு. எடுத்துட்டேன்.”

வடிவு நிமிர்ந்து பார்த்தாள்.

“டி-க்கு மேல ஒரு சுழி போட்டேன். அது டீ ஆயிட்டு. ரெண்டையும் திரும்பச் சேத்து வச்சுப் பாத்தா ‘வாடீ’ன்னு நிக்கி. உங்கள நான் வாடீன்னு கூப்புடுவனா? பயந்துபோயி எடுத்துட்டேன்.”

வடிவு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“கடைசி வு-வுக்காவது அடியில ஒரு வளைவு குடுக்கலாம்னு பாத்தேன். அது வூ ஆயிட்டு. மூணையும் சேத்தா வாடீவூ! ரயிலு ஊதுத மாதிரி இருந்துச்சு. அதயும் எடுத்தேன்.”

வடிவுக்கு அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் அப்படியே இருந்தது.

ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. அவர் இன்னும் அந்தப் பேரோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருந்தார்.

“என்ன போட்டாலும் நான்தான் தெரியுதேன். நீங்க தெரியல. அதனால ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டே வந்தேன். எடுக்க இனிமே ஒண்ணுமில்லன்னு ஆனப்பதான் உங்க பேரு வந்துச்சு. ஒரு வாரம் ஆயிட்டு வடிவு.”

“மூணு எழுத்துக்கா?”

“மூணு எழுத்துக்குத்தான்.”

“மத்ததுக்கெல்லாம்?”

“அதெல்லாம் ஒரே சாயங்காலத்துல தட்டுனது.”

வடிவு கார்டைக் கையில் எடுத்தாள். தன் பேரைப் பார்த்தாள். மருந்துச் சீட்டைப் பார்ப்பது போல ஒரு பார்வையில் படித்து வைத்துவிடவில்லை. நெடுநேரம் பார்த்தாள்.

பிறகு கார்டை அவர் முன்னால் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அப்பாகிட்ட நான் பேசிக்கிடுதேன்” என்றாள். “நீங்க கார்டு முழுக்க என் பேருன்னு நெனச்சே எழுதுங்க.”